குரல் மட்டும் தெரிந்த ஊர்

போடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். ஏலக்காய் வியாபாரிகளின் ஊர் அது. ஏலம் முடிந்த கையோடு எல்லோருக்கும் அவசரம். ஒருவருக்குக் கொச்சி வேண்டும், ஒருவருக்குப் பம்பாய், இன்னொருவருக்கு விருதுநகர். போர்டில் விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். இரண்டு கையாலும் வயர்களை இழுத்து இழுத்துச் செருகி, மத்தியானத்துக்குள் காது மரத்துப்போகும்.

மூன்று மணிக்கு மேல்தான் ஊருக்கு ஒரு தூக்கம் வரும். கடைக்காரர்கள் தலையைச் சாய்த்திருப்பார்கள். போர்டு இருட்டாகக் கிடக்கும். அந்த நேரத்தில் ஆபரேட்டர்கள் நாங்கள் லைனில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வோம். எங்களுக்குள் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். மதுரை, கோட்டயம், கம்பம், தேனி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். நான் 'போடி'.

ஆலப்புழையில் இருந்தவளுக்கு அது முதல் நாளிலேயே சிரிப்பு. மலையாளத்திலும் போடி என்றால் போடிதானாம். "ஹலோ, போடி!" என்று கூப்பிட்டுவிட்டு அவள் சிரித்து முடிக்கும்வரை ஏலக்காய்க்காரர் காத்துக்கொண்டிருப்பார். தண்ணீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் தட்டினாற்போல் ஒரு குரல். பதினெட்டு, பத்தொன்பது வயதுதான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். என் குரல் அப்படியில்லை, கனத்த குரல். பாதி வியாபாரிகள் என்னை "சார்" என்றுதான் கூப்பிடுவார்கள்.

இரண்டு வருஷம் அப்படியே பேசினோம். எங்களிடமிருந்தே அவள் தமிழ் கற்றுக்கொண்டாள். அதனால் அவள் தமிழ் முழுக்க எங்கள் ஊர்த் தமிழ். "முதலாளி வந்தாக, லைனைக் கேட்டாக, கோவிச்சுட்டுப் போயிட்டாக" என்று மலையாள ராகத்தில் சொல்வாள். 'இங்கன' என்ற ஒரு சொல்லில் மட்டும் ரொம்ப நாள் இடறினாள். நாங்கள் "இங்கன மழை" என்றால் இங்கே மழை என்று பொருள். அவளுடைய மலையாளக் காதுக்கு அது "இப்படி மழை" என்று கேட்கும். "எப்படி மழை?" என்பாள். "இங்கனதான்டி மழை!" என்பேன். அப்படியே ஒரு சாயங்காலம் போய்விடும்.

அவள் அங்கே பெண்கள் விடுதி ஒன்றில் தங்கியிருந்தாள். விடுதிக்குப் பின்னால் தென்னந்தோப்பு, தோப்புக்கு அந்தப் பக்கம் கடல். "ஜன்னலத் திறந்தா கேக்கும்" என்பாள். எங்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் வைகை அணைதான். அது சத்தம் போடாது. ஒரு நாள் அவளே சொன்னாள்: "சனி ஞாயிறுக்கு விருந்தாளுகளைத் தங்க வைக்கலாம்னு மேட்ரன் சொன்னாக. நீ வா. கூட்டுக்காரிகளையும் கூட்டிட்டு வா."

கூட்டுக்காரிகள் என்று எனக்கு இருந்தது இரண்டு பேர். போடியில் ஒரு வீட்டு மாடியில் மூவரும் ஒரே அறையில் குடியிருந்தோம். ஒருத்தி தேனிக்காரி. கடைவீதியில் அவள் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடுகிறவள். என்னோடு எக்ஸ்சேஞ்சில்தான் வேலை, எதற்கும் அசர மாட்டாள். இன்னொருத்தி சின்னமனூர்க்காரி. வாழையும் நெல்லும் போடுகிற வீடு. எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மெதுவாகப் பேசுகிறவள், பிள்ளைகளை அதட்டக்கூடத் தெரியாது. அவளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஆண்டிபட்டியில் ஒரு சங்க ஆபீசில் கிளார்க்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அரசு விடுமுறை வந்தது. தேனிக்காரியின் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பொம்பளை வார்டன் இருக்காகளா?" இருக்கிறார்கள் என்றதும் சரியென்றுவிட்டார். சின்னமனூரில்தான் கஷ்டம். அவளுக்கு அப்பா இல்லை, அண்ணன்தான் எல்லாம். அவள் அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "நிச்சயமான புள்ளை கடத்தண்ணிப் பக்கம் போகலாமா ஆத்தா?" என்றார். அண்ணன் உள்ளேயிருந்து வந்தார். என்ன யோசித்தாரோ, தங்கையின் முகத்தைப் பார்க்காமலே, "போயிட்டு வரட்டும்மா. இனிமே எங்க போகப்போகுது" என்றார். அவர் அவ்வளவு சுலபமாக விட்டது எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது.

விடியுமுன் கிளம்பினோம். கம்பத்தில் பஸ் மாறியபோது ஜன்னலெல்லாம் பனி. குமுளியிலிருந்து கோட்டயம் பஸ்ஸில் பாதிக்குமேல் சபரிமலைக்குப் போகும் சாமிமார்கள். கறுப்பு வேட்டியும் சந்தன மணமுமாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பெண்கள் ஏறியதும் எழுந்து இடம் கொடுத்தார்கள். பீருமேட்டில் மேகம் பஸ்ஸுக்குள்ளேயே வந்தது. எதிரில் இருந்தவரின் முகம் மறைந்து, சரணம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் தூங்கி விழித்தபோது ரப்பர் மரங்கள். மறுபடி தூங்கி விழித்தபோது கோட்டயம். மலை எங்கே போனது என்றே தெரியவில்லை.

கோட்டயத்தில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு படகு. ஆலப்புழைக்கு அப்படித்தான் போகவேண்டும் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கால்வாயின் இரண்டு பக்கமும் வீடுகள். வாசல்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார்கள். தண்ணீருக்கும் வீட்டுக்கும் நடுவில் தெரு என்ற ஒன்றே இல்லை. ஒரு தேங்காய் எங்கள் கூடவே கொஞ்ச தூரம் மிதந்து வந்தது. கால்வாய் அகன்று அகன்று ஓரிடத்தில் கரையே இல்லாமல் போனது. அது காயல், கடலோரத்து ஏரி. பாய் விரித்த வள்ளம் ஒன்று தூரத்தில் நின்றதா நகர்ந்ததா என்று சொல்ல முடியவில்லை. தேனிக்காரி பாட ஆரம்பித்தாள். இஞ்சின் சத்தத்தில் எங்களுக்கு மட்டும்தான் கேட்டது. சின்னமனூர்க்காரி கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, "இது கடல் இல்லையா?" என்று கேட்டாள். பக்கத்திலிருந்த அம்மாள் சிரித்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினார்.

படகுத்துறையில் இறங்கியபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. துறை நிறையக் கூட்டம். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவளை எப்படி அடையாளம் காண்பது? இரண்டு வருஷமாக என் சம்பளம், என் சண்டை, என் வீட்டு வருத்தம் எல்லாம் அவளிடம் சொல்லியிருக்கிறேன். என்ன புடவை கட்டி வருவாள் என்று கேட்கத் தோன்றவில்லை. இளம்பெண்களின் முகமாகத் தேடினோம். தாவணி போட்ட ஒருத்தியிடம் தேனிக்காரி போய், "ஆலப்புழையா?" என்று கேட்டாள். அந்தப் பெண் மிரண்டு, "ஆலப்புழை தன்னெ" என்று, இதுதான் ஆலப்புழை என்பதுபோல் தரையைக் காட்டினாள்.

கூட்டம் கலைந்தது. கடைசியில் நாங்கள் மூவரும், சற்றுத் தள்ளிக் குடையை ஊன்றிக்கொண்டு நின்ற ஓர் அம்மாளும்தான் மிச்சம். நாற்பதைத் தாண்டியவர். பருத்த உடம்பு, நரைத்த தலை, மூக்குக்கண்ணாடி. அவரும் யாரையோ தேடிக்கொண்டிருந்தார். பிறகு படகுக்காரரிடம் திரும்பி, "இனி போட்டு உண்டோ?" என்று அடுத்த படகைப் பற்றிக் கேட்டார்.

டம்ளரைக் கரண்டியால் தட்டிய சத்தம்.

என் பை கையிலிருந்து நழுவியது. "ஆலப்புழை!" என்றேன். அந்த அம்மாள் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் கனத்த குரலுக்கும் என் ஒல்லி உடம்புக்கும் நடுவில் அவர் கண் போய்ப் போய் வந்தது. "போடியா?" என்றார். தேனிக்காரிதான் குனிந்து என் பையை எடுத்தாள்.

விடுதிக்கு நடக்கும்போது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இரண்டு வருஷமாக 'நீ', 'வாடி', 'போடி'. இப்போது என் சின்னம்மா வயதில் ஒருவர் குடையோடு என் பக்கத்தில் நடக்கிறார். 'நீ' என்று வாய் வரவில்லை. 'நீங்க' என்றால் அது வேறு யாரையோ கூப்பிடுவதுபோல் இருந்தது. அதனால் வாக்கியங்களை வளைத்து வளைத்துப் பேசினேன். "சாப்பாடு ஆச்சா?", "வீடு தூரமா?" என்று ஆளில்லாத பேச்சு. அவரும் அப்படியே ஒற்றைச் சொற்களில் பதில் சொன்னார்.

விடுதி ஒரு காலத்தில் மிளகு வைக்கும் கிடங்காக இருந்ததாம். மாடியில் நீளமான ஒரே கூடம், வரிசையாக இரும்புக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் வெள்ளைக் கொசுவலை. நர்ஸ்கள், டைப்பிஸ்ட்கள், கயிற்றுக் கம்பெனிக் கணக்கர்கள் என்று இருபது முப்பது பெண்கள். யாரோ தலை உலர்த்தினார்கள், யாரோ சத்தமாகச் சண்டை போட்டார்கள், யாரோ ரேடியோவைத் திருகினார்கள். சட்டையும் முண்டும் போட்ட வயதான மேட்ரன் எங்களைப் பார்த்து ஒரு முறை தலையசைத்துவிட்டு, கடலுக்குத் தனியாகப் போகக்கூடாது என்று மட்டும் சொன்னார். கடல் கண்ணில் படவேயில்லை, தோப்பு மறைத்தது. ஆனால் கேட்டது. யாரோ மிகப் பெரிய பாயைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருப்பதுபோல்.

விளக்கு வைத்ததும் சாப்பாடு. சிவப்பரிசிக் கஞ்சி, பயறு, சுட்ட பப்படம். சின்னமனூர்க்காரி என் காதில், "இங்கன எல்லாருக்கும் காய்ச்சலாடி?" என்று கேட்டாள். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. கூடம் முழுவதும் ஒரே கூச்சல், பிறகு சிரிப்பு. மெழுகுவர்த்தி தேடி மேட்ரன் எங்கோ போனார்.

அந்த இருட்டில் எனக்கு எதிரிலிருந்து குரல் வந்தது: "ஹலோ, போடி."

முகம் இல்லை, நரை இல்லை, கண்ணாடி இல்லை. அவள் வந்துவிட்டாள். "எங்கடி போயிருந்த இவ்வளவு நேரம்?" என்று கேட்டுவிட்டேன். என்னையறியாமல் வந்தது. அவள் சிரித்தாள். "நான் துறையில மூணு பேரையும் முதல்லயே பாத்தேன், நீங்கதானோன்னு ஒரு சந்தேகம். சின்னப் புள்ளைகளா இருந்தீக. போடிக்கு என் வயசு இருக்கும்னு நினைச்சிருந்தேன், அந்தக் குரலுக்கு. இந்த நரைச்ச தலையோட எப்படி முன்னால வர்றதுன்னு திரும்பிப் போகலாம்னு இருந்தேன்."

"போயிருந்தா ஒன்னய டிரங்க் கால் போட்டுத் திட்டியிருப்பேன்" என்றேன்.

அதன் பிறகு கதவு திறந்தாற்போல் ஆயிற்று. நாலு பேரும் இருட்டில் பேசினோம். முகம் தெரியாததால்தானோ என்னவோ, எப்போதும் பேசாத சின்னமனூர்க்காரியும் பேசினாள்.

"எனக்கு ஒரு பயம்" என்றாள். "பொண்ணு பாக்க வந்தப்ப அவுக ஒரு வார்த்தை பேசல. எல்லாத்துக்கும் கூட வந்தவுகதான் பதில் சொன்னாக. எங்க தெருவுல ஒரு அக்கா, மாப்பிள்ளைக்கு வாய் திக்கும்னு சொல்லுச்சு. அண்ணன்கிட்ட கேட்டேன். பையன் அமைதின்னு சொன்னாக. வேற ஒண்ணும் சொல்லல."

"இத்தனை நாளா எங்ககிட்டகூடச் சொல்லலையே" என்றாள் தேனிக்காரி.

"சொன்னா நெசமாயிரும்னு இருந்துச்சு."

ஆலப்புழை சொன்னாள்: "நாளைக்குக் காலையில எனக்கு டியூட்டி. மேட்ரன் ரூம்ல போன் இருக்கு. ஆண்டிபட்டி லைன் போட்டுத் தர்றேன். நீயே கேட்டுக்கோ."

மெழுகுவர்த்தி வந்தது. வெளிச்சத்தில் ஆலப்புழை மறுபடி அந்த அம்மாளாக மாறினார். ஆனால் இப்போது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. "சேச்சி, இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊத்துங்க" என்றேன்.

கொசுவலைக்குள் படுத்தேன். கடற்காற்று வந்து எல்லா வலைகளும் ஒரே நேரத்தில் புடைத்துப் புடைத்து அடங்கின. கட்டில்கள் எல்லாம் எங்கோ மிதந்து போவதுபோல் இருந்தது. எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

மறுநாள் காலை மூவரும் மேட்ரன் அறையில் நின்றோம். கறுப்புப் போன். பக்கத்தில் மேட்ரன் ஜெபப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பக்கம் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். மணி அடித்தது. சின்னமனூர்க்காரி ரிசீவரை எடுத்தாள், இரண்டு பக்கமும் எங்கள் காதுகள். லைன் ஒவ்வொரு ஊராக ஏறிப் போவது கேட்டது. "கோட்டயம்... மதுரை கொடுங்க... தேனி... ஆண்டிபட்டி..." நாங்கள் பஸ்ஸிலும் படகிலும் ஒரு பகல் முழுக்கக் கடந்த தூரத்தை அந்தக் குரல்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோயின. கடைசியில் யாரோ, "சங்கம் ஆபீசு" என்றார்கள். ஆளைக் கூப்பிடச் சொன்னாள் ஆலப்புழை. நாற்காலி நகரும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

லைன் செத்துவிட்டது என்று நினைத்தோம்.

"ஆள் இருக்காக. பேசுங்க" என்றது ஆலப்புழையின் குரல்.

"ஹ... ஹ... ஹலோ."

சின்னமனூர்க்காரி ரிசீவரின் வாயைக் கையால் பொத்தினாள். அவள் முகம் வெளுத்திருந்தது. தேனிக்காரி, "வச்சுருடி, அப்புறம் பாத்துக்கலாம்" என்று கிசுகிசுத்தாள். அவள் வைக்கவில்லை. கையை எடுத்தாள்.

"நான்தான். ஒங்களுக்குப் பாத்திருக்கிற பொண்ணு. ஆலப்புழையில இருந்து பேசுறேன்."

மறுபடி மௌனம். ஆனால் இப்போது அது வெறும் மௌனம் இல்லை என்று எங்களுக்குத் தெரிந்தது. ஒரு மனிதர் அதற்குள் எதையோ கிளப்பிக்கொண்டிருந்தார்.

"எ... எதுவும் பி... பிரச்சனையா?"

"இல்ல. சும்மாதான்."

அவளுக்கும் மேலே பேசத் தெரியவில்லை. நானாக இருந்தால் கண்டதையும் பேசியிருப்பேன். அவள் காத்திருந்தாள்.

"அங்கன எ... என்ன ச... சத்தம்?"

"கடலு. கேக்குதா?" அவள் ரிசீவரை ஜன்னல் பக்கம் நீட்டினாள். வயர் எட்டவில்லை. அப்போது மேட்ரன் எழுந்தார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மேசையிலிருந்த போனை அப்படியே தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றார். சின்னமனூர்க்காரி ரிசீவரைக் கம்பிக்கு வெளியே பிடித்தாள். நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய அலை விழுந்து பரவியது. இன்னொன்று. காற்றில் தென்னை மட்டைகள் உரசின.

அவள் ரிசீவரைக் காதில் வைத்தபோது அவர் பேச ஆரம்பித்திருந்தார். "...பா... பாத்ததே இல்ல."

"நான் இன்னும் பாக்கல. சத்தம் மட்டுந்தான். இன்னைக்குச் சாயங்காலம் பாக்கப் போறோம்."

"எனக்கு இ... இப்படித்தான் வரும்" என்றார் அவர். "உங்க அ... அண்ணன்கிட்ட சொ... சொல்லிட்டேன். உங்ககிட்ட சொ... சொல்லச் சொன்னேன். சொன்ன பிறகு உங்களுக்குச் ச... சம்மதம்னா மட்டும் போதும்னேன்."

"அண்ணன் சொல்லல."

நீண்ட நேரம் கழித்து அவர், "சொ... சொல்லலையா" என்றார். அது கேள்வியாக இல்லை.

மூன்று நிமிஷம் ஆனதும் ஆபரேட்டர் குறுக்கே வந்து சொல்லவேண்டும். நேரம் தாண்டியது எனக்குத் தெரிந்தது. ஆலப்புழை வாயைத் திறக்கவில்லை. அவர்களே, "வச்சுரவா?", "ச... சரி" என்று சொல்லி வைத்தார்கள்.

அன்று பகல் முழுவதும் சின்னமனூர்க்காரி கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேனிக்காரிக்குப் பொறுக்கவில்லை. "ஏ புள்ள, பிடிக்கலைன்னா சொல்லு. எங்க அப்பாவை விட்டுப் பேசச் சொல்றேன்" என்றாள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள், எதற்கு ஆட்டினாள் என்று புரியவில்லை.

சாயங்காலம் சேச்சி டியூட்டி முடிந்து வந்து எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். தோப்பு முடிந்ததும் திடீரென்று எதிரே ஒன்றுமே இல்லை. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை வந்து கண்ணைத் தடுக்கும். இங்கே பார்வை போய்க்கொண்டேயிருந்தது, நிற்பதற்கு இடமில்லை. நான் சேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஊரே அங்கேதான் இருந்தது. கப்பலண்டி என்று கூவி வேர்க்கடலை விற்றார்கள். பலூன்காரர் காற்றோடு மல்லுக்கட்டினார். கயிற்றுக் கம்பெனித் தொழிலாளிகள் செங்கொடிகளோடு ஊர்வலமாக வந்து மணலில் உட்கார, ஒலிபெருக்கியில் ஒருவர் பேச ஆரம்பித்தார். பாதிச் சொல்லைக் காற்று கொண்டுபோனது. பழைய கடற்பாலத்தின் இரும்புத் தூண்கள் அலைக்குள் இறங்கி நின்றன. ஒரு காலத்தில் அதன் முனையில் கப்பல்கள் வந்து ஏலக்காய் ஏற்றிக்கொண்டு போகுமாம். சேச்சியும் நானும் பாலத்தடியில் நின்றோம்.

"ஏலக்காய் எந்த மரத்துல காய்க்கும்?" என்று சேச்சி கேட்டார்.

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அத்தனை வருஷமாக ஏலக்காய்க்காரர்களுக்கு லைன் கொடுத்தவர் அந்தச் செடியைப் பார்த்ததில்லை. "மரமில்ல சேச்சி, செடி. ஆள் உயரத்துக்கு இருக்கும். ஆனா காய் மேல இருக்காது, அடியில மண்ணோட மண்ணாப் படர்ந்து கிடக்கும். குனிஞ்சு தேடித்தான் பறிக்கணும்" என்றேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். லைனில் என்னைக் கேட்கும்போதெல்லாம் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாராயிருக்கும்.

அப்போது தேனிக்காரி கத்தினாள்: "அங்கன பாருங்க!"

கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையின் கயிற்றை ஆண்கள் வரிசையாக நின்று, ஒரே குரலில் ஏதோ சொல்லிச் சொல்லி இழுத்தார்கள். அந்த வரிசையின் கடைசியில், புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, எங்கள் சின்னமனூர்க்காரி கயிற்றைப் பிடித்திருந்தாள். முன்னால் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஓர் அடி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். அவர்கள் சாய்ந்தால் இவளும் சாய்ந்தாள். அலை வந்து இடுப்புவரை நனைத்தது. மணலில் விழுந்தாள், எழுந்தாள், மறுபடி பிடித்தாள். வகுப்பில் பிள்ளைகளை அதட்டத் தெரியாதவள் அவர்கள் சொன்ன சத்தத்தையே உரக்கச் சொன்னாள்.

வலை கரைக்கு வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. துள்ளும் பொடிமீன்கள், கண்ணாடிபோல் ஒரு சொறிமீன், ஒற்றைச் செருப்பு. அவள் அந்தச் செருப்பைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள். நாங்கள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டோம். உள்ளங்கை இரண்டும் கயிறு உரசிச் சிவந்திருந்தன.

ஈரத்தோடு மணலில் உட்கார்ந்து அவள் சொன்னாள்: "அவுக பேசத்தான் செய்றாக. கொஞ்சம் நேரமாகுது, அவ்வளவுதான். சொல்லவேண்டியத மறைக்காமச் சொல்லிட்டாக. எங்க அண்ணனுக்குத்தான் வாய் திக்கிருச்சு."

எங்கள் ஊரில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், பிறகு என்ன ஆகிறது என்று நாங்கள் பார்த்ததில்லை. இங்கே அது எங்கள் கண்முன்னால் தண்ணீருக்குள் இறங்கியது. தேனிக்காரி எழுந்து நின்று பார்த்தாள். சேச்சிக்கு அது தினமும் நடப்பது, கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் படகில் திரும்பினோம். சேச்சி துறைவரை வந்தார். படகு நகரும்போது நான் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவர் குரலை மட்டும் கேட்டேன். "திங்கக்கெழமை பேசுவோம்" என்றது அது.

குமுளி மலையிலிருந்து பஸ் இறங்கும்போது பள்ளத்தாக்கில் அந்திவெயில். நெல்வயல்கள் தண்ணீர்போல் பளபளத்தன. இரண்டு தோழிகளும் என் இரண்டு தோள்களிலும் தூங்கிக்கொண்டு வந்தார்கள். சின்னமனூரில் அவள் அண்ணன் சைக்கிளோடு நின்றிருந்தார். அவள் இறங்கி, பையை அவர் கையில் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டு, நேராக அவர் முகத்தைப் பார்த்து என்னவோ கேட்டாள். பஸ் இஞ்சின் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. அவர் சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றது மட்டும் தெரிந்தது. பிறகு இரண்டு பேரும் நடந்து போனார்கள், அவள் முன்னால், அவர் பின்னால்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அண்ணனோடு அவள் ரொம்ப நாள் சரியாகப் பேசவில்லை. முதல் குழந்தை பிறந்த பிறகுதான் சமாதானம். ஒரு கோடை விடுமுறைக்கு நான் ஆண்டிபட்டியில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் வீட்டுக்காரர் ஆபீசில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்ல ஆரம்பித்தார். நடுவில் ஒரு சொல் மாட்டிக்கொண்டது. எந்தச் சொல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எடுத்துக் கொடுக்க வாய் திறந்தேன். அவள் என் இலையில் மோரை ஊற்றினாள், என்னைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றாள். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, வெளியே யாரோ தறி நெய்யும் சத்தம் கேட்டது. அவர் தன் நேரத்தை எடுத்துக்கொண்டு அந்தச் சொல்லுக்கு வந்தார், கதையை முடித்தார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.